தண்ணீர் தூங்கும் மாதங்கள்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீயும் மாமாவும் ஏரியும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசினால் நான் "ம்" கொட்டுகிறேனே தவிர வாயைத் திறப்பதில்லை என்று போன தடவை கோபித்துக்கொண்டாய். அதனால் இந்தத் தடவை காகிதம்.

நல்ல சேதிதான். எங்கள் வனவிலங்குப் பாதுகாப்பு அலுவலகத்தில் என்னைக் கல்விப் பிரிவில் போட்டிருப்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடங்களுக்குப் புதிதாகப் பாடம் எழுதுகிறோம். அந்தந்த ஊர்க்காரர்கள் தண்ணீரையும் பறவையையும் காலங்காலமாக எப்படிக் காப்பாற்றி வந்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லவைக்கிற பாடம். கூட்டத்தில் இயக்குநர் இதை விளக்கியதும் எனக்கு நம் ஏரியின் நாணல் துறைதான் ஞாபகம் வந்தது. முக்குளிப்பான் பறவைகள் கூடு கட்டி மிதக்கவிடும் மாதங்களில், துறைக்குள் மோட்டார் போடாமல், துடுப்பைப் படகில் இடிக்காமல், "தண்ணி தூங்குது" என்று சொல்லி எல்லோரும் ஒதுங்கிப் போவோமே, அதைத்தான் சொல்கிறேன். எழுந்து நின்று சொன்னேன். இயக்குநர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.

நீதான் அங்கே தலைமை ஆசிரியை. பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல். அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள், இப்போது துறைக்குள் யார் போகிறார்கள், எந்தப் படகு, எந்த நேரம், எல்லாம் வரட்டும். ஏப்ரலில் எங்கள் குழு நேரில் வந்து பார்க்கும்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி

*

மார்ச் 9

அன்புள்ள வாத்துக்கு,

உறையைப் பார்த்ததும் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்றுதான் கிழித்தேன். நீயாகக் காகிதம் எடுத்து எழுதினால் வேறென்ன நினைப்பது? படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். என் தம்பி இவ்வளவு இனிமையாக எழுதினால் அதில் ஏதோ இருக்கிறது.

பாடம் என்கிறாய். குன்றுக்குப் போகிற வழியில் வேலி போட்டார்களே, அதற்கு முன்னாலும் பையும் குடையுமாக இரண்டு பேர் வந்து, "உங்க மூலிகை பத்தியெல்லாம் சொல்லுங்கம்மா, புஸ்தகத்துல போடறோம்" என்றுதான் உட்கார்ந்தார்கள். தெரிந்ததைச் சொன்னோம். டீ வேறு போட்டுக் கொடுத்தோம். புத்தகத்தைக் காணோம். வேலி வந்து நிற்கிறது. விறகு பொறுக்கப் போகிறவர்கள் இன்றைக்கும் சுற்றித்தான் போகிறார்கள். அதனால் "எழுதிக்கொண்டார்" என்று நீ சந்தோஷமாக எழுதிய இடத்தில் எனக்கு அந்த வேலிதான் கண்ணில் தெரிந்தது.

"எந்தப் படகு, எந்த நேரம்" என்று வேறு கேட்கிறாய். இது பாடமா, போலீஸ் விசாரணையா?

உன் மாமாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மடித்துக் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய், ஏற்கனவே உதறிய வலையை மறுபடி உதறிக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாணத்தன்று அவர் உன்னைப் புதுச் சட்டையோடு ஏரியில் தள்ளிவிட்டதை நீ இன்னும் மறக்கவில்லை என்பது அவர் எண்ணம். எனக்கும் அதே எண்ணம்தான்.

இருந்தாலும் நீ கேட்டால் நான் மாட்டேன் என்பேனா? திங்கட்கிழமை பிள்ளைகளிடம் சொல்கிறேன். எழுதி வருவதை முதலில் நான் படிப்பேன். அனுப்புவதா வேண்டாமா என்பது அப்புறம்.

உடம்பைப் பார்த்துக்கொள். மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒரு வேண்டுதல். உறைமேல் "வாத்து" என்று எழுதாதே. அலுவலகத்தில் கடிதங்களை வாங்கி வைக்கிற அம்மா அதைச் சத்தமாகப் படித்துவிட்டார். இப்போது பிரிவு முழுக்க அதுதான் என் பெயர்.

உன்னிடம் மறைக்கவில்லை. இயக்குநர் மேசையில் நாணல் துறைக்கு இரண்டு திட்டம் இருக்கிறது. ஒன்று, துறையைச் சுற்றி வேலி அடித்து வருஷம் முழுக்க யாரையும் விடாமல் செய்வது. இன்னொன்று, அதை ஊரே காத்துக்கொள்ளும் என்று ஒப்பந்தம் போட்டுப் பொறுப்பை உங்களிடமே விடுவது. "கட்டுப்பாடு நிஜமாவே இன்னும் இருக்கா, இல்ல வெறும் பேச்சா?" என்று அவர் கேட்கிறார். பிள்ளைகளின் பாடம்தான் அதற்குப் பதில். நான் வேலிக்காரன் பக்கம் என்று நீ நினைத்தால் என் தலைவிதி.

படகு, நேரம் கேட்டதெல்லாம் பறவைகளின் பழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க. அவ்வளவுதான்.

மாமா இப்போது எந்தப் பக்கம் வலை போடுகிறார்? அக்கரையில் புதிதாகக் கட்டிய விடுதிப் பக்கம் போவதுண்டா? சும்மாதான் கேட்டேன்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

பிள்ளைகள் எழுதி வந்ததைப் படித்தபோது நான் இந்த ஊரில்தான் இத்தனை காலம் இருந்தேனா என்று தோன்றியது. "புள்ள பொறக்கப் போற வீட்டு வாசல்ல நின்னு கத்துவோமா? அதேதான்" என்று ஒரு வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். மோட்டார் அலை அடித்தால் மிதக்கிற கூடு கவிழ்ந்து முட்டை மூழ்கும் என்று இன்னொரு வீட்டில் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். மீனும் அந்த நாணலுக்குள்தான் முட்டை வைக்கிறது, அதைக் கலைத்தால் அடுத்த பருவம் வலை காலியாக வரும் என்று ஒரு பையனின் அத்தை சொல்லியிருக்கிறாள். கட்டுப்பாட்டை மீறினால் என்ன செய்வார்கள் என்பதையும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். திட்டு இல்லை, அடி இல்லை, வெளியாள் காதுக்கும் போகாது. மீறினவன் தன் படகைத் தானே கரையேற்றிக் கவிழ்த்துப் போட வேண்டும். குஞ்சுகள் நீந்திப் போகிறவரை அது அப்படியே கிடக்கும். அவ்வளவு நாளும் ஊர் அதைப் பார்த்துக்கொண்டே நடக்கும்.

இதையெல்லாம் வைத்து நல்ல பாடம் எழுதலாம். நானே உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

ஆனால் "இப்போது துறைக்குள் யார் போகிறார்கள்" என்ற கேள்விக்கு எல்லா நோட்டிலும் "தெரியாது". ஒரே மாதிரி பதில் வந்தால் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று எந்த ஆசிரியைக்கும் தெரியும். இது அப்படியில்லை. வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மறுநாளிலிருந்து நான் கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நேற்று குழாயடியில் என்னைப் பார்த்ததும் ஒருத்தி பாதிக் குடத்தோடு கிளம்பிப் போனாள். யாரைக் காப்பாற்றுகிறார்கள்? என்னிடமிருந்தா?

அப்புறம், விடுதிப் பக்கம் பற்றி நீ ஏன் கேட்டாய்? நீ சும்மா எதையும் கேட்கிறவன் இல்லை. சின்ன வயதில் "சும்மாதான் கேட்டேன்" என்று நீ சொன்ன போதெல்லாம் அடுப்படியில் ஏதோ ஒன்று உடைந்திருக்கும்.

பதில் எழுது. இந்தத் தடவை நேராக எழுது.

அக்கா

*

ஏப்ரல் 6

தம்பிக்கு,

உன் பதிலுக்காகக் காத்திருந்தது போதும். எனக்குத் தெரிந்துவிட்டது.

வலை விற்கிற அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். பள்ளி விட்டதும் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றால் வரவில்லை.

"டீச்சர், இந்தக் கேள்வியெல்லாம் யாரு கேக்கச் சொன்னது?" என்றாள். பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள் டீச்சர் என்றதுமே எனக்குச் சுருக்கென்றது.

"என் தம்பிதான். பாடத்துக்காக" என்றேன்.

"பாடத்துக்கு எந்தப் படகுன்னு எதுக்கு? உன் வீட்டுப் படகைப் பத்தி எங்க புள்ளைங்க வாயில வரணுமா? நாங்க உனக்காக வாயை மூடிட்டு இருக்கோம், நீ ஊரையே தோண்டுற. உனக்கு நிஜமாவே தெரியாதா, இல்ல தெரியாத மாதிரி நடிக்கிறியா?"

நான் நடிக்கவில்லை என்பது என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து உன் மாமாவிடம் கேட்டேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். என்னிடம் இத்தனை நாள் பேசாமல் இருக்க மட்டும் தெரிந்திருக்கிறது. விடுதியில் தங்குகிறவர்கள் கேமராவும் கையுமாக வருகிறார்களாம். குஞ்சு தாய் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிற படம் வேண்டுமாம். விடியற்காலையில் இவர்தான் துறைக்குள் கூட்டிப் போகிறார். "படகு வேலைய நிரந்தரமாக்கித் தர்றேன்னு விடுதிக்காரர் சொன்னாரு. துறை வாசல் வரைக்கும்தான் மோட்டார் போட்டேன்... முதல்ல" என்றார். அந்த "முதல்ல" என்ற வார்த்தையை அவர் சொன்ன விதத்தில் மீதியெல்லாம் எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு கூடு கவிழ்ந்ததை அவரே பார்த்திருக்கிறார்.

அவர் செய்தது அவரோடு. இப்போது உன்னிடம் வருகிறேன். உனக்கு இது முன்னாலேயே தெரியும். விடுதி பற்றிக் கேட்டாய். படகு கேட்டாய். நேரம் கேட்டாய். பிள்ளைகளைச் சாட்சியாக வைத்து என் புருஷனை என் வகுப்பிலேயே கண்டுபிடிக்கப் பார்த்தாய். அதற்கு நான் சாக்பீஸ் எடுத்துக் கரும்பலகையில் கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் எழுது.

அக்கா

*

ஏப்ரல் 10

அக்கா,

ஆமாம்.

அதோடு நிறுத்தச் சொன்னாய். ஆனால் பாதியில் விட்டால் நீ மீதியை இன்னும் மோசமாக நினைத்துக்கொள்வாய்.

எங்கள் அலுவலக நாள்காட்டிக்குப் பறவைப் படங்கள் கேட்டு அறிவிப்பு போட்டிருந்தோம். வந்தவற்றைப் பிரித்து அடுக்குவது என் வேலை. ஜனவரியில் ஒரு படம் வந்தது. முந்தைய பருவத்தில் எடுத்திருக்கிறார்கள். முக்குளிப்பான், முதுகில் குஞ்சு. அழகான படம். ஓரத்தில் படகின் முனை தெரிந்தது. உன் பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட பழைய கரும்பலகையை அறுத்து மாமா ஒட்டுப்போட்டாரே, அந்தப் பலகை. அதற்கு நான்தான் ஆணி எடுத்துக் கொடுத்தேன். எப்படி அடையாளம் தெரியாமல் போகும்?

படத்தை மற்ற படங்களுக்கு நடுவிலிருந்து உருவி என் பையில் வைத்துக்கொண்டேன். இயக்குநரிடம் காட்டியிருந்தால் அன்றே வேலி முடிவாகியிருக்கும். காட்டாமல் இருந்தால் நான் இந்த வேலையில் இருப்பதற்கு அர்த்தம் இல்லை. உனக்கு நேராக எழுதலாம் என்று பலமுறை உட்கார்ந்தேன். ஏரியில் தள்ளியதற்குப் பழிவாங்குகிறான் என்றுதானே சொல்லியிருப்பாய்? ஊரிலிருந்தே யாராவது சொல்லி உனக்குத் தெரிந்துவிட்டால் என் வாயால் சொல்ல வேண்டாமே என்று பார்த்தேன். பிள்ளைகளை இதில் இழுத்தது தப்பு. அவர்களை இழுக்கிறோம் என்றுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

படம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. குழு இருபத்தி நான்காம் தேதி வருகிறது. நானும் வருவேன். பிள்ளைகளைக் கொண்டு பாடத்தைச் சொல்லவை, அதைக் கேட்டுவிட்டு ஒப்பந்தம் என்று இயக்குநர் எழுதிவிடுவார். அப்புறம் மாமா இனிமேல் துறைக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். யாருக்கும் தெரிய வேண்டாம். என்ன சொல்கிறாய்?

தம்பி

*

ஏப்ரல் 26

தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. அதற்கான பதிலை நீ நேரில் பார்த்துவிட்டுப் போனாய். ஆனால் நீ நாற்காலி வரிசையிலிருந்து பார்த்தாய். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தது வேறு. அதை எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் சாயங்காலம் பிள்ளைகளைக் கடைசியாக ஒருமுறை சொல்லவைத்தேன். "எங்கள் ஊரில் தண்ணீர் தூங்கும் மாதங்களில் யாரும் துறைக்குள் மோட்டார் போடமாட்டார்கள்" என்று பாடம் முடிகிறது. எல்லாம் சத்தமாக, கணீரென்று சொன்னார்கள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். என் பள்ளிக்கூடத்திலேயே நான் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் மாமாவிடம் சொன்னேன். "நாளைக்குப் பிள்ளைங்க அந்தக் கடைசி வரியச் சொல்லுவாங்க. அதைக் கேட்டுட்டு நீங்க உட்கார்ந்திருக்க முடியும்னா இருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் நீங்கள் எல்லாம் வந்து பள்ளிக்கூட வாசலில் கரையைப் பார்த்து உட்கார்ந்தீர்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று பாதிப் பாடம் சொல்லியிருப்பார்கள். அவர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். வீட்டுக்குப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். கரைக்கு இறங்கிப் போய் மோட்டாரைக் கழற்றித் தோளில் தூக்கிவந்து மணலில் வைத்தார். அப்புறம் படகைப் பிடித்து இழுத்தார். பிள்ளைகள் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். படகை ஒரு ஆளாக மேலே இழுக்க முடிந்தது, கவிழ்க்க முடியவில்லை. தோள் கொடுத்துத் தள்ளுகிறார், அது பாதி எழுந்து மறுபடி தொப்பென்று உட்காருகிறது. ஊர் முழுக்க நின்று பார்த்தது. ஒருத்தர் அசையவில்லை.

"என்ன நடக்குது இங்கே?" என்று உங்கள் இயக்குநர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. வெளியாளிடம் சொல்வது வழக்கமில்லை. நான்தான் சொன்னேன், "இது எங்க பாடத்தோட மிச்சப் பகுதி சார். துறைக்குள்ள மோட்டார் போட்டது என் வீட்டுக்காரர்தான்" என்று.

வலை விற்கிற அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள். படகின் விளிம்பில் கை வைத்தாள். அப்புறம் எதிர்வீட்டுக்காரர். அப்புறம் குழாயடியில் பாதிக் குடத்தோடு போனாளே, அவள். படகு கவிழ்ந்தது.

அவ்வளவு பேர் இறங்கியபோது நான் உன்னைப் பார்த்தேன். நீ இயக்குநரின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எழுந்திருக்கவில்லை.

படகு கரையில் கிடக்கிறது. தினமும் பள்ளிக்கூடம் போகும்போது அதைத் தாண்டித்தான் போகிறேன். உன் மாமா விடுதிக்குப் போவதில்லை. வேறொருவர் படகில் கூலிக்கு வலை இழுக்கிறார்.

வேலி வருமா வராதா என்று தெரிந்தால் சொல். இல்லை, நீ சொல்லி நான் நம்புவதைவிட உத்தரவு வரட்டும்.

அக்கா

*

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

உத்தரவு தனியாக வந்து சேரும். வேலி இல்லை. ஊரோடு ஒப்பந்தம், ஒவ்வொரு பருவமும் பார்த்துப் புதுப்பிப்பது என்று எழுதியிருக்கிறார். "தப்பு பண்ணினவன வெச்சுக்கிட்டு என்ன செய்றாங்கன்னு பார்த்தேன், அது போதும்" என்றார் திரும்பி வரும்போது. விடுதிக்காரருக்கும் எச்சரிக்கை போயிருக்கிறது.

நீ நம்பமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். வண்டியில் வரும்போதே பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டேன். எப்போது வந்தது, ஏன் மறைத்தேன், அது யார் படகு, எல்லாம் சொன்னேன். படத்தை வாங்கித் தன் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் என்னை ஏரி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது கிடங்கில் பழைய பலகைகளுக்கும் விளம்பரத் தட்டிகளுக்கும் நடுவில் இருக்கிறேன். நியாயம்தான்.

ஏன் எழவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காததுதான் குத்துகிறது. எழுந்தால் நான் யார் பக்கம் என்று இரண்டு பக்கமும் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். மாமா தோள் கொடுத்துத் தள்ளிப் படகு திரும்ப விழுந்தபோது என் கால் எழுந்தது, நான் எழவில்லை. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பாடத்தை உன் பெயரிலேயே அச்சுக்கு அனுப்புகிறார்கள். படகு கவிழ்ப்பதையும் சேர்த்திருக்கிறார்கள். பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். தவறு இருந்தால் திருத்து.

நான் அங்கே வரலாமா அக்கா? வேலை விஷயமாக இல்லை.

உன் தம்பி

*

ஜூன் 21

தம்பிக்கு,

பிரதியைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். நிறையச் சிவப்பு மை. "பழங்குடியினரின் அற்புத ஞானம்" என்று யார் எழுதியது? நாங்கள் வலை போடுகிறவர்கள், அதை அப்படியே போடச் சொல். என் பெயரை எடுத்துவிட்டு "ஏரிக்கரைப் பள்ளிப் பிள்ளைகள்" என்று போடச் சொல். கடைசி வரியை அவர்களே மாற்றிவிட்டார்கள். "யாரும் மோட்டார் போடமாட்டார்கள்" என்று இருந்ததை "போட்டால் என்ன செய்வோம் என்று எங்களுக்குத் தெரியும்" என்று ஆக்கியிருக்கிறார்கள். இப்போது என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

படத்தைக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். உன் மாமா படகைக் கவிழ்த்த பிறகு கொடுத்திருக்கிறாய். அவர் கவிழ்க்காமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பாயா, கிழித்திருப்பாயா, இன்னும் பையிலேயே வைத்திருப்பாயா? இரவில் படுத்தால் இதுதான் ஓடுகிறது. உன்னைக் கேட்டால் ஏதாவது நல்ல பதிலாக எழுதுவாய். அதனால் கேட்கவில்லை.

கிடங்கில் தூசி அதிகமா? உனக்குச் சின்ன வயதிலிருந்தே தூசி ஆகாது. மூக்கில் துணி கட்டிக்கொள்.

குஞ்சுகள் துறையை விட்டு வெளியே வந்துவிட்டன. தாய்ப் பறவைகள் முதுகில் ஏற்றிக்கொண்டு திறந்த தண்ணீருக்கு வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் படகை நிமிர்த்தப் போகிறோம். அதற்கும் நாலு கை வேண்டும், கவிழ்த்ததைவிட நிமிர்த்துவது கஷ்டம். வெயிலில் கிடந்து பலகை காய்ந்துபோயிருக்கிறது, தண்ணீரில் விட்டால் ஒழுகுமோ என்னமோ.

உன் மாமா உனக்கு எழுதச் சொன்னார். நானாக எழுதவில்லை. "அவன் வருவானா?" என்று நேற்றுக் கேட்டார். தெரியாது என்றேன்.

நிஜமாகவே தெரியாது.

அக்கா